எஞ்சினியர் பிள்ளைக்குப் பதாகை கட்டுகிற ஊரே, பட்டத்துக்குப் பிறகு என்ன?



குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி, புல்மோட்டை உறவுகளுக்கும், திரியாய், கும்புறுப்பிட்டிப் பக்கத்துத் தமிழ் உறவுகளுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. லைக் போட்டுவிட்டுக் கடந்து போகாமல் கடைசிவரை வாசியுங்கள். பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிற வாப்பா, உம்மாமார் கட்டாயம் வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்து, ஒரு பிள்ளைக்குப் பொறியியல் பீடம் கிடைத்துவிட்டால் நமது பிரதேசத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சந்தியிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் பதாகை. பதாகையில் பிள்ளையின் படத்தைவிட அரசியல்வாதியின் படம் பெரிது. பொன்னாடை, நினைவுச் சின்னம், பிரியாணி. நல்லது, சந்தோசப்படத்தான் வேண்டும். ஆனால் நான்கு வருடம் கழித்து அதே பிள்ளை பட்டத்தோடு வந்து இறங்கும்போது சந்தியில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அந்தப் பிள்ளை, "முதுமாணி படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் பதாகை கட்டிய அதே ஆட்கள் கேட்கிற கேள்வி, "இன்னுமா படிச்சு முடியல்ல?"

கேள்வியை ஊரார் மட்டும் கேட்கவில்லை, அரசாங்கமும் அதைத்தான் கேட்கிறது. எப்படி என்று சொல்கிறோம்.

1945இல் கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை என்று பாடப் புத்தகத்தில் நாங்களே படிப்பிக்கிறோம். பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. இன்று பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் நமது திருகோணமலையும் ஒன்று. 1970களில் மொழிவாரியாகத் தரப்படுத்திய கதை வேறு, அந்தக் காயம் வேறு. அதை இங்கே கிளறவில்லை. நாங்கள் சொல்ல வருவது இதுதான்: கொழும்பில் றோயல் கல்லூரியில் படிக்கிற பிள்ளையும், இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் வருவாரா மாட்டாரா என்று வருடம் முழுக்கப் பார்த்திருக்கிற நம் கோட்டத்துப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை என்று அரசு எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒத்துக்கொள்ளலின் பெயர்தான் கோட்டா.

சரி. பட்டம் முடிந்த அடுத்த நாள் அந்த ஒத்துக்கொள்ளல் எங்கே போகிறது? பட்டமளிப்பு மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் குச்சவெளி தூக்கிக்கொண்டு போய்க் கொழும்புக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுவிடுகிறதா?

பட்டப்பின் படிப்புக்குக் கோட்டா இல்லை. மஹாபொல இல்லை. வகுப்பு எடுத்துப் படிக்கிற முதுமாணிக் கற்கைநெறிகளுக்குக் கட்டணம். அதுவும் இலட்சக்கணக்கில். அதே அரச பல்கலைக்கழகம், அதே கதிரை, பல நேரம் அதே விரிவுரையாளர். நேற்றுவரை இலவசம், இன்றைக்குப் பற்றுச்சீட்டு.

இந்தியாவைப் பாருங்கள். அங்கே ஐஐடி போன்ற பெரிய நிறுவனங்களில் பொறியியல் முதுகலைக்கும் இட ஒதுக்கீடு உண்டு. கேட் பரீட்சையில் தகுதி பெற்று எம்.டெக் படிக்கிற மாணவருக்கு மாதம் 12,400 இந்திய ரூபா உதவித்தொகை உண்டு. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் "முதல் பட்டத்தோடு எல்லோரும் சமமாகிவிட்டார்கள்" என்ற கற்பனையில் அந்த நாட்டின் கொள்கை எழுதப்படவில்லை. நமது கொள்கை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

காசைக்கூட விடுங்கள். தூரத்துக்கு வருவோம். நாங்கள் ஆசிரியர்கள், கணக்குப் போடாமல் பேசத் தெரியாது.

வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கான பொறியியல் முதுமாணி வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில், கட்டுபெத்தையிலோ பேராதனையிலோ நடக்கும். குச்சவெளியிலிருந்து கட்டுபெத்தைக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். போய்வர 600. ஒரு அரையாண்டுக்கு 14 வாரம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 28 வார இறுதிகள். 28ஐ 600ஆல் பெருக்குங்கள்: 16,800 கிலோமீற்றர். இரண்டு வருடத்துக்கு 33,600. பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீற்றர்தான்! நம் பிள்ளை முதுமாணி எடுக்க உலகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பஸ்ஸில் சுற்ற வேண்டும். மொறட்டுவையில் குடியிருக்கிற பிள்ளை முச்சக்கரவண்டியில் போய் இறங்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுப் புறப்பட்டால், திங்கட்கிழமை விடிய வந்து இறங்கி, அப்படியே முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். இதற்கு மேல் வரவு. பல கற்கைநெறிகளில் 80 வீத வரவு கட்டாயம். 14 வாரத்தில் 80 வீதம் என்றால் 11.2, ஆகவே 12 வாரம் இருந்தாக வேண்டும். தவறவிடக்கூடியது இரண்டே இரண்டு. ஒரு ஜனாஸா, ஒரு காய்ச்சல், அவ்வளவுதான் கணக்கு. மாரியில் வெள்ளம் வந்து பாதை மூடினால் அது மூன்றாவது. மூதவை எழுதிய விதியில் வெள்ளத்துக்கு நிரலில்லை.

தப்பாக விளங்கிக்கொள்ள வேண்டாம். வரவு விதியை எடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வகுப்புக்கு வராமல் பட்டம் கேட்கிறவரை நாங்களே வாசலில் மறிப்போம். பாலம் கட்டுகிறவர் படிக்காமல் கட்டினால் அதில் போகிறது நம் பிள்ளைகள்தான். எங்கள் கேள்வி, வகுப்பு ஏன் 300 கிலோமீற்றருக்கு அப்பால் மட்டும் நடக்க வேண்டும் என்பது. 2020இல் கொரோனா வந்தபோது இதே பல்கலைக்கழகங்கள் சூமில் விரிவுரை நடத்தின, வரவும் எடுத்தன. 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோதும் இணையம்தான் கைகொடுத்தது. அப்போது முடிந்தது இப்போது ஏன் சிலரது தயவாக மட்டும் இருக்கிறது? ஒரு விரிவுரையாளர் நல்லவராக இருந்தால் இணையத்தில் சேர்த்துக்கொள்வார், இல்லாவிட்டால் "நேரில் வா" என்பார். தயவு வேறு, கொள்கை வேறு.

"தொழில் பார்க்கிற எஞ்சினியர்தானே, சம்பளம் வாங்குகிறார்தானே, கட்டட்டுமே" என்று ஒரு வாதம் வரும். வரட்டும். கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்கிறவருக்கு அந்தக் கம்பனியே பல நேரம் கட்டணத்தைக் கட்டுகிறது. நம் பக்கத்தில் அரச திணைக்களத்தில் இருப்பவருக்கும், ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலி மாதிரி வேலை செய்கிறவருக்கும் யார் கட்டுவது? சம்பளத்தில் வீட்டுக் கடன், தங்கையின் கலியாணம், வாப்பாவின் மருந்து எல்லாம் கழிந்த பிறகு மிச்சமிருப்பதில்தான் பட்டப்பின் படிப்பு. மிச்சம் இருந்தால்.

இன்னொரு வாதம், "பட்டப்பின் படிப்புக்கு வந்தால் தகுதி மட்டும்தான் பேச வேண்டும்." நாங்களும் அதையே சொல்கிறோம். தகுதி பேசட்டும். பணமும் பஸ்ஸும் ஏன் நடுவில் பேசுகின்றன?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இந்தப் பதிவை எழுதுவதற்கே முக்கிய காரணம் இதுதான்.

பட்டப்பின் படிப்புக்கான தகுதி பட்டத்துக்குப் பிறகு தீர்மானிக்கப்படுகிறது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இல்லை. அது முதலாம் வருடத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. ஜீபீஏ என்று ஒன்று இருக்கிறது. 4க்குப் போடுகிற புள்ளி. பொதுவாக 2.0 இருந்தால் பட்டம் கிடைக்கும். 3.0 இருந்தால் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு, 3.3 இருந்தால் மேல்பிரிவு, 3.7 இருந்தால் முதலாம் வகுப்பு. ஊருக்கு இந்த நான்கும் ஒன்றுதான். "எஞ்சினியர்" என்று பெயர்ப் பலகை போட 2.0 போதும். ஆனால் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களின் பட்டப்பின் வாசலில் எழுதியிருக்கிற எண் 3.0. உள்நாட்டில் விரிவுரையாளர் பதவிக்கு வகுப்புச் சித்தி கேட்பார்கள். 2.9க்கும் 3.0க்கும் நடுவில் இருப்பது புள்ளி ஒன்று. ஒரு பிள்ளையின் பத்து வருடம் அதற்குள் போய்விடும்.

அந்தப் புள்ளி எங்கே விழுகிறது? முதல் அரையாண்டில். நம் பிள்ளை பதின்மூன்று வருடம் தமிழில் படித்தது. இணைந்த கணிதத்தைத் தமிழில் எழுதித் திறமைச் சித்தி எடுத்தது. திடீரென்று எல்லாம் ஆங்கிலம். கணக்கு தெரியும், கேள்வி விளங்காது. விளங்கினாலும் பரிசோதனை அறிக்கையை எழுத வராது. மொறட்டுவை, பேராதனை போன்ற பீடங்களில் முதலில் எல்லோருக்கும் பொதுப் பாடம் வைத்து, அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் துறை பிரிப்பார்கள். கணினியா, மின்னா, இயந்திரவியலா, குடிசாரா என்று அங்கேதான் முடிவு. ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிற அதே மாதங்களில் வாழ்க்கைத் துறையும் தெரிவாகிறது. விரும்பிய துறை ஒன்று, விழுந்த துறை இன்னொன்று.

பாடம் ஒன்று பிழைத்தால்? "திரும்ப எழுதினால் சரி" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். சரியில்லை. பொதுவாக மீள எழுதுகிற பாடத்துக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் சாதாரண சித்திக்கு மேல் தரம் கொடுக்க மாட்டார்கள். சுகமில்லாமல் பரீட்சைக்குப் போகாவிட்டால், குறித்த நாளுக்குள் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியின் வழியாக மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஊர் டொக்டரிடம் வாங்கி இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோய் நீட்டினால் அது வெறும் கடதாசி. இதையெல்லாம் மாணவர் கையேட்டில் ஆங்கிலத்தில் அச்சடித்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கையேட்டைப் பதாகை கட்டியவர்களில் ஒருவராவது கேட்டு வாங்கிப் பார்த்ததுண்டா?

முதுமாணி என்றால் எல்லாம் ஒரே முதுமாணி என்ற நினைப்பும் இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் நான்கு வருட ஹொனர்ஸ் பட்டம் 6ஆம் மட்டம். வகுப்போடு முடிகிற 30 கிரெடிட் முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வோடு சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி 10ஆம் மட்டம். அதற்கு மேல் முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. சம்பளப் படிக்காகப் படிக்கிறவருக்கு 9 போதுமாக இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க, ஆய்வு செய்ய நினைக்கிறவர் ஆய்வுள்ளதைத்தான் தேட வேண்டும். எது என்று கேட்காமல் காசைக் கட்டிவிட்டு, முடிந்த பிறகு "இது செல்லாதாமே" என்று வருகிறவர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

பட்டயப் பொறியியலாளர் என்பதும் தனி வழி. 2014இலிருந்து இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவ நாடு. அதனால் அங்கீகாரம் பெற்ற நான்கு வருடப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியல் பேரவையில் பதியவும் வேண்டும். இதை வட்சப் குழுமத்தில் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். நிலவு பார்க்கிற சண்டைக்கு வருகிற முந்நூறு செய்தியில் மூன்று இதற்கு வந்தால் ஆச்சரியம்.

வெளிநாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. பொறியியலில் கலாநிதிப் பட்டம் என்பது அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரும்பாலும் காசு கட்டிப் படிப்பதல்ல. ஆய்வு உதவியாளராக எடுத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் செலவுக்கும் கொடுத்துப் படிப்பிப்பார்கள். கேட்பது மூன்று: ஜீபீஏ, ஆங்கிலத் தகுதி, பிள்ளையை உண்மையாகத் தெரிந்த விரிவுரையாளர்களின் பரிந்துரை. மூன்றாவதற்கு, நான்கு வருடமும் பின்வாங்கில் ஒதுங்கியிருக்காமல் விரிவுரையாளரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பேசுவதில்லை. ஆங்கிலம் வராது என்ற வெட்கம். அந்த வெட்கம்தான் உண்மையான கட்டணம்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை எஞ்சினியர் என்றால் வீடு, வளவு, நகை என்று பட்டியல் நீளுகிறது. பொம்பிளை எஞ்சினியர் என்றால், "இவ்வளவு படிச்ச பிள்ளைக்கு எங்கே மாப்பிள்ளை தேடுறது" என்று முகம் நீளுகிறது. ஒரே பட்டம்தானே? ஒன்றுக்கு விலை ஏறுகிறது, மற்றதற்குப் பாரம் ஏறுகிறது. பட்டம் எடுத்த பெண் பிள்ளையை வார இறுதியில் கட்டுபெத்தைக்குத் தனியே அனுப்பமாட்டோம் என்கிறீர்கள். சரி, விவாதிக்க வரவில்லை. அப்படியானால் கட்டுபெத்தையை இங்கே கொண்டுவரச் சொல்லி ஒரு நாளாவது கேட்டீர்களா? அனுப்பவும் மாட்டோம், கேட்கவும் மாட்டோம் என்றால் அந்தப் பிள்ளை என்னதான் செய்வது?

"முதுமாணி படிச்சு இந்தக் கரையோரத்தில் என்ன செய்யப் போறீங்க, மீனா பிடிக்கப் போறீங்க" என்று ஒரு பெரியவர் கேட்டார். மீன் பிடிப்பதிலும் பொறியியல் இருக்கிறது, அதை விடுவோம். புல்மோட்டைக்குப் போய்ப் பாருங்கள். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது. இல்மனைட், ரூடைல், சேர்கோன் என்று உலகம் தேடுகிற மணல் நம் கடற்கரையில் கிடக்கிறது. இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போடுகிற டைட்டேனியம் டைஒக்சைட் எடுக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த மணலில் பெரும்பகுதி மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. யாரோ எங்கோ அதை உயர்ந்த பொருளாக்கி விற்கிறார்கள். நாம் அந்தப் பெயின்ட்டை வாங்கிப் பெருநாளைக்குச் சுவருக்குப் பூசுகிறோம்.

இந்த மணலைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டியது யார்? தோண்டிய கரையை மறுபடி எப்படி நிரப்புவது, நிலத்தடி நீருக்கு என்ன ஆகிறது, கடலரிப்பு கூடுகிறதா குறைகிறதா, இங்கேயே பெறுமதி சேர்க்க முடியுமா? ஒவ்வொன்றும் ஒரு முதுமாணி ஆய்வு. சிலது கலாநிதி ஆய்வு. இந்த மணலில் விளையாடி வளர்ந்த பிள்ளை அதைச் செய்யாவிட்டால், வேறு யாராவது வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போய் அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கையில் நம் கிணற்றுக்கு இடம் இருக்காது.

அப்படியானால் கேட்பது என்ன?

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. நாம் ரவுனுக்குப் போகிற பாதையில்தான். அங்கே மண்டபம் இருக்கிறது, கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது. பொறியியல் பீடம் இல்லைதான். ஆனால் பொறியியல் பட்டப்பின் வகுப்புகளை இணையவழியில் பார்க்கவும், வரவு பதியவும், பரீட்சை எழுதவும் ஒரு நிலையமாக அதை ஆக்குவதற்குப் புதிய பீடம் தேவையில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையில் ஒரு உடன்படிக்கையும், மானியங்கள் ஆணைக்குழுவின் ஒரு சுற்றறிக்கையும் போதும். பரிசோதனை வேலைக்கும் ஆய்வு மேற்பார்வைக்கும் அரையாண்டுக்கு மூன்று நான்கு தரம் கட்டுபெத்தைக்கோ, பேராதனைக்கோ, ஒலுவிலுக்கோ போகட்டும். 28 பயணம் எட்டாகும். இதில் நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, மூதூர், கிண்ணியா, கந்தளாய், வெருகல் எல்லாப் பிள்ளைகளுக்கும், சிங்களப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பயன்.

இரண்டாவது, பின்தங்கிய மாவட்டம் என்று அனுமதிக்குச் சொன்ன அதே பட்டியலைப் பட்டப்பின் கட்டணத்துக்கும் பாவியுங்கள். தகுதியைக் குறைக்க வேண்டாம், நேர்முகத்தில் சலுகை வேண்டாம். தெரிவானவர் பின்தங்கிய மாவட்டத்தில் வசித்து அங்கேயே வேலையும் செய்தால் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கட்டும். புதிய பட்டியல் தயாரிக்கிற வேலைகூட இல்லை.

மூன்றாவது அரசாங்கத்திடம் இல்லை, நம்மிடம். உயர்தரம் எழுதி முடித்ததிலிருந்து பல்கலைக்கழக வாசல் திறக்கும்வரை எத்தனை மாதம் வீணாகிறது என்று பெற்றோருக்குத் தெரியும். சில பிள்ளைகளுக்கு வருடத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் நிலாவெளி ஹோட்டலில் வேலைக்குப் போகிறார்கள், மேசனுக்குக் கையாளாகப் போகிறார்கள். உழைப்பதில் குறையில்லை. ஆனால் வாரத்தில் மூன்று மாலை, அஸருக்குப் பிறகு, பொறியியல் ஆங்கிலம் என்று ஒரு வகுப்பை ஊரே நடத்தலாம். இலக்கியம் வேண்டாம். கேள்வியை விளங்க, அறிக்கை எழுத, வாய் திறந்து கேட்க. விடுமுறைக்கு வருகிற பொறியியல் மாணவர்கள் வந்து முதலாம் வருடப் பாடத்தைக் காட்டிக்கொடுக்கலாம். இரண்டு பதாகையின் செலவில் ஒரு வருடத்துக்கு வெண்பலகையும் நிழற்படப் பிரதியும் வாங்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் மனம் வைத்தால் இடமும் தயார்.

திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் அனுப்ப ஒரு கடிதத்தின் வரைவை ஆசிரியர்கள் சேர்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். சிங்களத்தில் எழுத ஒருவர் உதவினால் நல்லது. பட்டம் முடித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், பெற்றோர், எந்த ஊராக இருந்தாலும் கையெழுத்து வையுங்கள். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னாலும், சனிக்கிழமை பாடசாலை மண்டபத்தில் காலை 9 மணியிலிருந்தும் இருப்போம். பெண்களுக்குத் தனி மேசை உண்டு. வரும்போது அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள், முதலாம் வருடத்தில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த மாணவர் கையேட்டையும் எடுத்து வாருங்கள். அதில் உள்ள விதிகளைத் தமிழில் எழுதிக்கொடுக்க நாங்கள் தயார்.